எதிர்க்கட்சித் துணைத் தலைவர்: சட்டத்தில் இல்லாத பதவிக்கு ஏன் இத்தனை இழுபறி?

கேள்வி: எங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினரை அவருடைய கட்சி ‘சட்டமன்றக் கட்சித் துணைத் தலைவர்’ ஆக்கியிருக்கிறது. ஊரெங்கும் வாழ்த்துச் சுவரொட்டிகள். இந்தப் பதவிக்கு உண்மையில் அதிகாரம் என்ன? சம்பளம், கார், அறை உண்டா? தலைவர் விலகினால் இவர் தானாகவே தலைவராகிவிடுவாரா? கட்சி இவரை நீக்கினால் பேரவையில் என்ன ஆகும்?

பதில்:

சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் இந்தப் பதவிக்கென்று ஒரு வரி கிடைப்பதே அரிது. பேரவைக்குள் இவருக்கு வேலை நிறைய இருக்கிறது. கட்சி அரசியலிலோ இந்த நாற்காலிக்காக ஒன்றரை ஆண்டு சண்டையே நடந்திருக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பேரவையை நடத்தும் சபாநாயகருக்குத் துணையாக இருப்பவர் பேரவைத் துணைத் தலைவர். அவர் அரசமைப்புச் சட்டம் உண்டாக்கிய பதவியில் இருப்பவர். சட்டப்பேரவை தன் உறுப்பினர்களுள் ஒருவரைத் தலைவராகவும் (அவர்தான் சபாநாயகர்) ஒருவரைத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது பிரிவு 178. நீக்குவதென்றால் 14 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, அவையின் அப்போதைய மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். தமிழ்நாட்டில் 2021இல் அமைந்த பேரவையில் கு. பிச்சாண்டி இருந்தது இந்தப் பதவியில்தான். அதற்கு முன் பொள்ளாச்சி வி. ஜெயராமன்.

உங்கள் உறுப்பினர் இவர்கள் வகையைச் சேர்ந்தவர் அல்லர். ஆனாலும் பேரவைத் துணைத் தலைவர் பதவியை அலங்காரம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டுப் போகிறேன். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். திமுகவிலிருந்து நீக்கப்பட்டார். அந்தக் கொந்தளிப்பில் சபாநாயகர் கே.ஏ. மதியழகனுக்கும் ஆளுங்கட்சிக்கும் இடையே உறவு முறிந்தது. டிசம்பர் 2ஆம் தேதி அவரை நீக்கும் தீர்மானம் வந்தபோது, துணைத் தலைவர் பெ. சீனிவாசன் தனியாக ஒரு நாற்காலியில் அமர்ந்து அவையை நடத்தத் தொடங்கினார். மதியழகனோ தன் இருக்கையை விட்டு எழவில்லை. ஒரே மன்றத்தில் ஒரே நேரத்தில் இருவர் தலைமை தாங்கினர். தன்னை நீக்கும் தீர்மானம் பரிசீலனையில் இருக்கும்போது சபாநாயகர் தலைமை தாங்கக் கூடாது என்று பிரிவு 181 சொல்கிறது. அந்த ஒரு வரி அன்று துணைத் தலைவரின் கையில் முழு அவையையும் கொடுத்தது. 1967இல் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்த அதே சீனிவாசன்தான் இவர்.

இனி உங்கள் உறுப்பினரின் பதவிக்கு வருவோம். ஒவ்வொரு கட்சியின் உறுப்பினர்களும் பேரவைக்குள் ஒரு ‘சட்டமன்றக் கட்சி’ ஆகிறார்கள். அதற்கு ஒரு தலைவர், ஒரு துணைத் தலைவர், ஒரு கொறடா (எப்படி வாக்களிப்பது என்று உறுப்பினர்களுக்குக் கட்டளையிடுபவர்), சில வேளைகளில் துணைக் கொறடா, செயலாளர், பொருளாளர் என்று நியமிப்பது வழக்கம். எதிர்க்கட்சிகளுள் பெரியதாகவும் போதிய உறுப்பினர்கள் உள்ளதாகவும் இருக்கும் கட்சியின் தலைவரை எதிர்க்கட்சித் தலைவராகச் சபாநாயகர் அங்கீகரிக்கிறார். அந்தக் கட்சியின் துணைத் தலைவரை நாளிதழ்கள் ‘எதிர்க்கட்சித் துணைத் தலைவர்’ என்று எழுதுகின்றன. சிறிய கட்சியின் துணைத் தலைவர் வெறுமனே சட்டமன்றக் கட்சித் துணைத் தலைவர்.

தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் இடையே உள்ள சட்ட இடைவெளி மிகப் பெரியது. எதிர்க்கட்சித் தலைவருக்குச் சம்பளச் சட்டத்தில் இடம் உண்டு. தமிழ்நாட்டில் அமைச்சருக்கு இணையான தகுதி, அலுவலக அறை, கார், பணியாளர்கள் உண்டு. அதைவிட முக்கியம், தெரிவுக் குழுக்களில் அவருக்கு இருக்கும் நாற்காலி. மாநிலத் தகவல் ஆணையர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் முதலமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர், முதலமைச்சர் பரிந்துரைக்கும் ஓர் அமைச்சர் ஆகிய மூவர் என்று 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் சொல்கிறது. மாநில மனித உரிமை ஆணையத்துக்கான குழுவிலும், ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக் ஆயுக்தாவுக்கான குழுவிலும் அவருக்கு இடம் இருக்கிறது. இந்தச் சட்டங்கள் எதிலும் துணைத் தலைவரின் பெயர் வருவதில்லை. அங்கீகரிக்கப்பட்ட எதிர்க்கட்சித் தலைவர் இல்லாத நிலைக்குக்கூடத் தகவல் உரிமைச் சட்டம் வழி சொல்லியிருக்கிறது: தனிப் பெரும் எதிர்க்கட்சிக் குழுவின் தலைவரை எதிர்க்கட்சித் தலைவராகக் கொள்ள வேண்டும். அங்கேயும் தலைவர்தான். ஆகவே சம்பளம், கார் பற்றிய உங்கள் கேள்விக்குப் பதில் எளிது. தமிழ்நாட்டில் துணைத் தலைவருக்கு மற்ற உறுப்பினர்களுக்கு உள்ளதுதான்; பதவியின் பெயரால் தனியாக எதுவும் இல்லை.

சட்டத்தில் ‘ஒரு வரி கிடைப்பதே அரிது’ என்றேன். அறவே இல்லை என்று சொல்லவில்லை. கட்சித் தாவல் தடைக்கான பத்தாவது அட்டவணை 1985இல் வந்ததும் மக்களவைக்கென்று விதிகள் வகுத்தார்கள். அந்த விதிகளில் சட்டமன்றக் கட்சியின் ‘தலைவர்’ யார் என்று விளக்கும்போது, கட்சி தேர்ந்தெடுத்தவரோடு, அவர் இல்லாத வேளையில் அவர் பணியைச் செய்யக் கட்சி அதிகாரம் அளித்த வேறு உறுப்பினரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். மாநிலப் பேரவைகளுக்கும் இதே போக்கில் விதிகள் உண்டு. தமிழ்நாட்டின் விதிகள் 1986ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. துணைத் தலைவர் என்ற பெயர் அதில் இல்லை, ஆனால் அவர் உள்ளே நுழையக்கூடிய கதவு அது ஒன்றுதான். புதிய பேரவை அமைந்ததும் தன் உறுப்பினர் பட்டியலையும், சபாநாயகரோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ள யார் யாருக்கு அதிகாரம் என்பதையும் கட்சி எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளில் துணைத் தலைவரின் பெயர் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். சுவரொட்டியில் பெயர் எத்தனை பெரிய எழுத்தில் இருந்தாலும், தாளில் இல்லையென்றால் அவர் எழுதும் கடிதம் ஒரு சாதாரண உறுப்பினரின் கடிதம்தான். கட்சி அலுவலகங்களில் பலர் இதைக் கவனிப்பதில்லை. தகராறு வந்த பிறகுதான் கோப்பைத் தேடுகிறார்கள்.

கொறடாவின் கட்டளையும் இதே கதைதான். கட்சியோ அது அதிகாரம் அளித்த நபரோ பிறப்பித்த கட்டளையை மீறி வாக்களித்தால் பதவி போகும் என்கிறது பத்தாவது அட்டவணை. அந்த அதிகாரத்தைக் கட்சிகள் வழக்கமாகக் கொறடாவிடம் கொடுக்கின்றன. துணைத் தலைவர் பதவியில் மூத்தவராக இருக்கலாம். தனியாக அதிகாரம் தரப்படாதவரை அவர் கையெழுத்திட்ட கட்டளையால் ஒருவருடைய பதவியும் பறிபோகாது.

வேலை என்ன செய்கிறார் என்று பார்த்தால் படம் மாறுகிறது. பேரவைச் செய்திகளைத் தொடர்ந்து கவனிப்பவர்களுக்குத் தெரியும், தலைவர்கள் எல்லா நாளும் அவையில் உட்கார்ந்திருப்பதில்லை. சுற்றுப்பயணம், கட்சிக் கூட்டம், உடல்நலம், சில நேரம் வெறும் விருப்பமின்மை. துறைவாரியாக நிதி ஒதுக்கும் மானியக் கோரிக்கைகள் ஒரு மாதம் நடக்கும்போது எந்தத் துறையில் யார் பேசுவது, எத்தனை நிமிடம், அந்தத் தொகையைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானத்தை யார் முன்மொழிவது, நேரமில்லா நேரத்தில் எந்தப் பிரச்சினையைக் கிளப்புவது என்பதையெல்லாம் யாராவது ஒருவர் ஒழுங்குபடுத்தியாக வேண்டும். கவன ஈர்ப்புக்குக் காலையில் கடிதம் கொடுக்க வேண்டும். சபாநாயகரின் அறையில் நடக்கும் பேச்சில் கட்சியின் சார்பில் உட்கார வேண்டும். ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் பழைய ஆட்சியைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டால், உடனே எழுந்து அதை அவைக்குறிப்பிலிருந்து நீக்கக் கோர வேண்டும். வெளிநடப்பா, உள்ளேயே நின்று முழக்கமா என்று ஒரு நொடியில் முடிவெடுத்துப் பின்வரிசைக்குக் கண்ணைக் காட்ட வேண்டும். கொறடாவோடு பகிர்ந்துகொண்டு இதைச் செய்பவர் துணைத் தலைவர். இதற்கு விதிகளை அறிந்தவராக இருக்க வேண்டும், குரலும் வேண்டும், எதிர்வரிசை அமைச்சரோடு தேநீர் குடிக்கும் அளவுக்கு நட்பும் வேண்டும். மூன்றாவது இல்லாதவர்கள் இந்தப் பதவியில் சோபித்து நான் பார்த்ததில்லை.

தலைவர் புதியவராகவும் துணைத் தலைவர் பழுத்தவராகவும் அமைந்தால் இந்த வேலையின் முழு எடையும் தெரியும். 2011 தேர்தலில் தேமுதிக 29 இடங்களில் வென்று திமுகவை முந்தியது. விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார்; பண்ருட்டி ச. ராமச்சந்திரன் துணைத் தலைவரானார். தலைவர் 2006இல்தான் முதன்முதலாகப் பேரவைக்குள் வந்தவர். துணைத் தலைவரோ 1967 முதல் அந்த மன்றத்தை அறிந்தவர், எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் இருந்தவர். 2012 பிப்ரவரியில் அவையில் நடந்த மோதலுக்குப் பிறகு விஜயகாந்த் இடைநீக்கம் செய்யப்பட்டபோது, கட்சியின் அவைப் பணியைத் தாங்கிப் பிடிக்க அனுபவமுள்ளவர் என்று அங்கே அதிகம் பேர் இல்லை. 2013 டிசம்பரில் பண்ருட்டியார் கட்சியையும் ஆலந்தூர் தொகுதி உறுப்பினர் பதவியையும் துறந்தார். பிறகு நடந்தது கணக்கு. 2016 பிப்ரவரியில் அதிருப்தி உறுப்பினர்கள் எட்டுப் பேரும் விலகியபோது தேமுதிகவின் பலம் 20 ஆனது. எதிர்க்கட்சித் தலைவரை அங்கீகரிக்க 234 பேர் கொண்ட அவையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 24 பேர் வேண்டும். எதிர்க்கட்சித் தலைவர் பதவி அந்த நாளோடு போனது. துணைத் தலைவர் விலகியதால்தான் அது நடந்தது என்று நான் சொல்லவில்லை. உறுப்பினர்களைக் கட்டிக்காக்கும் மூத்தவர் ஒருவர் முன்வரிசையில் இல்லாமல் போனது சரிவை எளிதாக்கியது என்பது என் கருத்து.

2006இல் இதற்கு நேர்மாறான படம். அதிமுகவின் எதிர்க்கட்சித் தலைவராக முதலில் பொறுப்பேற்றவர் ஓ. பன்னீர்செல்வம். மே மாத இறுதியில் அந்தக் கட்சியின் உறுப்பினர்கள் கூண்டோடு இடைநீக்கம் செய்யப்பட்டதும், ஜெயலலிதா தாமே எதிர்க்கட்சித் தலைவரானார். பன்னீர்செல்வம் அவருக்கு அடுத்த இடத்துக்கு நகர்ந்தார். ஜெயலலிதா அவைக்கு அரிதாகவே வந்த அந்த ஐந்தாண்டுகளில் அன்றாடம் எழுந்து பேசும் வேலை பெரும்பாலும் அடுத்த வரிசைத் தலைவர்கள் தலையில்தான் விழுந்தது.

ஒரு கட்சி இந்தப் பதவிக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன பார்க்கிறது? திறமை என்று சொல்லத்தான் ஆசை. பல மாநிலங்களைப் பார்த்தால், முதலில் பார்ப்பது சமநிலை. கேரளத்தில் காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணி எதிர்க்கட்சி வரிசையில் உட்காரும்போது எதிர்க்கட்சித் தலைவர் காங்கிரஸ்காரர், துணைத் தலைவர் முஸ்லிம் லீக்காரர் என்பது ஏறக்குறைய மரபாகிவிட்டது. 2021 பேரவையில் வி.டி. சதீசன் தலைவர், பி.கே. குஞ்ஞாலிக்குட்டி துணைத் தலைவர். அதற்கு முன் ரமேஷ் சென்னித்தலாவுக்குப் பக்கத்தில் எம்.கே. முனீர். கூட்டணியின் இரண்டாவது பெரிய கட்சிக்குக் கொடுக்கும் மரியாதை அது. அதே மாநிலத்தில் 2011 முதல் 2016 வரை வி.எஸ். அச்சுதானந்தன் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது துணைத் தலைவர் கொடியேரி பாலகிருஷ்ணன். இருவரும் ஒரே மார்க்சிஸ்ட் கட்சி. ஆனால் வி.எஸ்.ஸுக்கும் கட்சித் தலைமைக்கும் ஆகாத காலம் அது. கொடியேரி தலைமையின் பக்கம் நின்றவர். தலைவரின் பக்கத்து நாற்காலியில் கட்சி தன் கண்ணை உட்கார வைத்தது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

கர்நாடகத்தில் 2023 நவம்பரில் பாஜக ஆர். அசோகாவை எதிர்க்கட்சித் தலைவராக்கியது. அவர் ஒக்கலிகர், பெங்களூருவைச் சேர்ந்தவர். அடுத்த மாதம் துணைத் தலைவராக வந்த அரவிந்த் பெல்லத் லிங்காயத்து, வட கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாட் பகுதியைச் சேர்ந்தவர். சாதி, வட்டாரம் இரண்டும் ஒரே நியமனத்தில் நேராகின்றன. இராஜஸ்தானில் 2023 பிப்ரவரியில் எதிர்க்கட்சித் தலைவர் குலாப் சந்த் கட்டாரியா அஸ்ஸாம் ஆளுநராகப் போனார். துணைத் தலைவராக இருந்த ராஜேந்திர ரத்தோர் தலைவரானார். காலியான துணைத் தலைவர் பதவி சதீஷ் பூனியாவுக்குக் கிடைத்தது. சில நாள்களுக்கு முன்புதான் அவர் மாநிலக் கட்சித் தலைவர் பதவியிலிருந்து மாற்றப்பட்டிருந்தார். மனத்தாங்கலைத் தணிக்கவும் இந்தப் பதவி பயன்படும். அந்த ஆண்டின் இறுதியில் பாஜக ஆட்சியைப் பிடித்தது. ரத்தோரும் பூனியாவும் தத்தம் தொகுதிகளில் தோற்றார்கள்.

தலைவர் விலகினால் துணைத் தலைவர் தானாக ஏறிவிடுவாரா என்று கேட்டிருந்தீர்கள். மாட்டார். கட்சி மறுபடியும் முடிவெடுக்க வேண்டும், சபாநாயகருக்குக் கடிதம் போக வேண்டும். ஆனால் வாய்ப்பில் முதல் இடம் அவருக்குத்தான். தமிழ்நாட்டில் 2021இல் 18 உறுப்பினர்களோடு வந்த காங்கிரஸ், கு. செல்வப்பெருந்தகையைச் சட்டமன்றக் கட்சித் தலைவராகவும் கிள்ளியூர் எஸ். ராஜேஷ்குமாரைத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தது. 2024 பிப்ரவரியில் செல்வப்பெருந்தகை மாநிலக் கட்சித் தலைவரானதும், சட்டமன்றத் தலைமை ராஜேஷ்குமாரிடம் வந்தது. இராஜஸ்தானின் ரத்தோர் கதையும் அப்படியே. இன்னொரு பக்கம் யு.டி. காதர் இருக்கிறார்: சித்தராமையா எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது கர்நாடகத்தின் துணைத் தலைவர், 2023இல் காங்கிரஸ் வென்றதும் சபாநாயகர் நாற்காலியில் அமர்ந்தார். 2016 முதல் மு.க. ஸ்டாலினுக்கு அடுத்து எதிர்வரிசையில் அமர்ந்திருந்த துரைமுருகன், 2021இல் ஆளுங்கட்சி வரிசைக்கு வந்ததும், அரசின் அலுவல்களை அவையில் முன்னின்று நடத்தும் அவை முன்னவரானார். அவையை நடத்தத் தெரிந்தவர் என்று அந்தப் பதவி கொடுத்த சான்றிதழ் இருவருக்கும் உதவியிருக்கிறது.

இதில் எல்லாவற்றிலும் சுவையானது 1962. அந்தத் தேர்தலில் திமுக 50 இடங்களைப் பிடித்தது. ஆனால் அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றார். எதிர்க்கட்சித் தலைவர் பொறுப்பு இரா. நெடுஞ்செழியனுக்குப் போனது. துணைத் தலைவரானவர் தஞ்சாவூரில் வென்றிருந்த மு. கருணாநிதி. ஏழு ஆண்டுகள் கழித்து, 1969 பிப்ரவரி 3ஆம் தேதி அண்ணா மறைந்தார். இடைக்கால முதலமைச்சராகப் பொறுப்பேற்றவர் நெடுஞ்செழியன். ஒரே வாரத்தில் சட்டமன்றக் கட்சி கூடித் தேர்ந்தெடுத்தது கருணாநிதியை. வரிசை எண்ணைப் பார்த்திருந்தால் முடிவு வேறு. உறுப்பினர்களோடு ஒவ்வொருவராகப் பழகி, அவர்களுக்கு வேண்டியதைச் செய்துகொடுக்கும் வாய்ப்பு தலைவரைவிடத் துணைத் தலைவருக்கு அதிகம் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த முடிவில் வியப்பு இருக்காது. கருணாநிதியின் வெற்றிக்கு வேறு பல காரணங்களும் உண்டு; இதுவும் ஒன்று என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது கடைசிக் கேள்வி, கட்சி நீக்கினால் என்ன ஆகும் என்பது. இதற்குத் தமிழ்நாட்டைவிட நல்ல பாடம் எங்கும் கிடையாது.

2021இல் அதிமுக 66 இடங்களோடு எதிர்க்கட்சியானது. மே மாதம் எடப்பாடி கே. பழனிசாமி எதிர்க்கட்சித் தலைவரானார். ஜூன் மாதம் ஓ. பன்னீர்செல்வம் துணைத் தலைவராகவும் எஸ்.பி. வேலுமணி கொறடாவாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 2022 ஜூலை 11ஆம் தேதி பொதுக்குழு பன்னீர்செல்வத்தைக் கட்சியை விட்டு நீக்கியது. சில நாள்களில் ஆர்.பி. உதயகுமார் துணைத் தலைவராகத் தேர்வானதாகச் சபாநாயகர் மு. அப்பாவுக்குக் கடிதம் போனது. மறுதரப்பிலிருந்தும் கடிதம் போனது. அக்டோபரில் பேரவை கூடியபோது பழனிசாமிக்குப் பக்கத்து இருக்கையில் பன்னீர்செல்வமே இருந்தார். அதிமுகவினர் அவையில் முழக்கமிட்டார்கள். காவலர்கள் அவர்களை வெளியேற்றினார்கள். மறுநாள் வள்ளுவர் கோட்டத்தில் உண்ணாவிரதம் இருக்க முயன்று கைதானார்கள். சபாநாயகர் சொன்ன விளக்கத்தின் சாரம் மூன்று: எதிர்க்கட்சித் தலைவருக்குத்தான் சட்ட அங்கீகாரம், துணைத் தலைவர் என்ற பதவி விதியில் இல்லை, இருக்கை ஒதுக்குவது சபாநாயகரின் உரிமை. 2023 பிப்ரவரி 23ஆம் தேதி அந்தப் பொதுக்குழு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருக்கை அப்போதும் மாறவில்லை. 2024 பிப்ரவரியில் முதலமைச்சர் ஸ்டாலினே இதைப் பரிசீலிக்குமாறு அவையில் கேட்டுக்கொண்ட பிறகுதான் உதயகுமாருக்கு அந்த இருக்கை கிடைத்தது. பன்னீர்செல்வம் வேறு இருக்கைக்குப் போனார்.

இதில் யார் சரி? இரண்டு தரப்பிலும் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. கட்சி நீக்கிய உறுப்பினர் பேரவையைப் பொறுத்தவரை யார் என்ற கேள்வி முன்பே தமிழ்நாட்டிலிருந்துதான் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1994இல் அதிமுக நீக்கிய ஜி. விசுவநாதனும் அழகு திருநாவுக்கரசும் பேரவையில் ‘எந்தக் கட்சியையும் சாராதவர்கள்’ என்று அறிவிக்கப்பட்டார்கள். பிறகு மதிமுகவில் சேர்ந்ததாகப் பதவி இழந்தார்கள். 1996இல் நீதிமன்றம் சொன்னது இதுதான்: பத்தாவது அட்டவணையில் ‘சாராதவர்’ என்று ஒரு வகையே இல்லை; எந்தக் கட்சியின் வேட்பாளராக வென்றாரோ, நீக்கப்பட்ட பிறகும் அவர் அந்தக் கட்சியினராகவே கருதப்படுவார். இதன்படி பார்த்தால் பன்னீர்செல்வம் அப்போது அவையில் அதிமுக உறுப்பினராகவே இருந்தார். அவரை அதிமுக வரிசையிலிருந்து எடுத்துவிட வேண்டிய கட்டாயம் சபாநாயகருக்கு இருக்கவில்லை.

ஆனால் உறுப்பினராக இருப்பது வேறு, துணைத் தலைவர் இருக்கையில் இருப்பது வேறு. 2023 மே 11ஆம் தேதி மகாராஷ்டிர சிவசேனா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அவையில் கட்சியின் தலைவரையும் கொறடாவையும் நியமிப்பது அரசியல் கட்சியே, சட்டமன்றக் கட்சி அன்று என்று தெளிவாக்கியது. அந்தத் தீர்ப்பும் துணைத் தலைவரைப் பற்றிப் பேசவில்லை. இருந்தாலும் அதன் தர்க்கம் தலைவருக்குப் பொருந்தி, அவருக்குத் துணையாக இருப்பவருக்குப் பொருந்தாது என்று வாதிடுவது கடினம். விதியில் இல்லாத பதவி என்றால், அந்தப் பதவிக்குரிய இருக்கையில் பழையவரை உட்கார வைத்திருப்பதற்கும் விதி இல்லை. என் பார்வையில் 2022 அக்டோபரிலேயே மாற்றியிருக்கலாம். மாற்றியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டமும் இல்லாததால்தான் அது அத்தனை காலம் இழுத்தது. இந்தப் பதவியின் பலவீனம் அதுதான்: தலைவர் பதவியைப் பறித்தால் வழக்குப் போட எழுதப்பட்ட சட்டம் இருக்கிறது, துணைத் தலைவருக்கு இருப்பது மரபும், சபாநாயகரின் மனமும்.

துணைத் தலைவரைக் கட்சி நீக்குவது ஒரு பக்கம் என்றால், துணைத் தலைவரே கட்சியை உதறுவது இன்னொரு பக்கம். 2013 ஜூலையில் மத்தியப் பிரதேசத்தில் சிவராஜ் சிங் சவுகான் அரசின் மீது காங்கிரஸ் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது. எதிர்க்கட்சித் துணைத் தலைவர் சவுத்ரி ராகேஷ் சிங் சதுர்வேதி எழுந்தார். தன் கட்சி கொண்டுவந்த தீர்மானத்தையே எதிர்த்துப் பேசினார்! தீர்மானம் அங்கேயே சிதறியது. அவர் பாஜகவுக்குப் போனார். கோவாவில் 2022 மார்ச்சில் காங்கிரஸ் மைக்கேல் லோபோவை எதிர்க்கட்சித் தலைவராகவும் சங்கல்ப் அமோன்கரைத் துணைத் தலைவராகவும் ஆக்கியது. செப்டம்பரில் பாஜகவில் சேர்ந்த எட்டு உறுப்பினர்களில் இருவருமே இருந்தார்கள். சட்டமன்றக் கட்சியில் மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து வேறு கட்சியில் இணைந்தால் பதவி போகாது என்ற பத்தாவது அட்டவணைக் கணக்கு அவர்களைக் காப்பாற்றியது. உள் விவகாரம் அனைத்தும் தெரிந்தவர் போனால் சேதம் அதிகம் என்பதால்தான் கட்சிகள் இந்த இடத்துக்கு விசுவாசத்தை அத்தனை எடைபோடுகின்றன.

துணை முதலமைச்சர் பதவியோடு சிலர் இதை ஒப்பிடுவார்கள். அதற்கும் அரசமைப்பில் இடம் இல்லை; துணை முதலமைச்சர் என்பவர் ஓர் அமைச்சர்தான் என்று கூறி, அந்த நியமனங்களை எதிர்த்த மனுவை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஒப்பீடு அதோடு நின்றுவிடுகிறது. துணை முதலமைச்சருக்குக் கையில் துறைகள் இருக்கும், கோப்புகள் வரும். எதிர்க்கட்சித் துணைத் தலைவரின் மேசைக்கு எந்தக் கோப்பும் வராது.

உங்கள் தொகுதிக்கு இதனால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொகுதி மேம்பாட்டு நிதி எல்லா உறுப்பினர்களுக்கும் ஒன்றுதான். துணைத் தலைவர் என்பதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. அவருக்குப் பேச நேரம் கூடுதலாகக் கிடைக்கும், முன்வரிசையில் இருப்பதால் அமைச்சரின் கண்ணில் படுவார், நாளிதழில் பெயர் வரும். அதே காரணத்தால் கூட்டத்தொடர் நாள்களில் ஊரில் அவரைப் பார்ப்பது அரிதாகும். அவர் எழுப்பும் பிரச்சினைகளும் உங்கள் ஊர்ச் சாலையிலிருந்து மாநிலப் பிரச்சினைகளுக்கு மாறிவிடும். ஆகவே தொகுதிக் குறைகளை எழுத்தில் கொடுத்து, கேள்வியாகவோ கவன ஈர்ப்பாகவோ பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். பேரவையின் மனுக்கள் குழுவுக்கு நீங்கள் நேரடியாகவும் மனு அனுப்பலாம்; அதற்கு எந்தத் துணைத் தலைவரின் சிபாரிசும் தேவையில்லை.